‘வாக்கர்’ என்றால் நடப்பவரா? நடப்பது ஒரு தொழிலா?

1. மேலவாசல்

எல்லாருக்கும் வணக்கம். சின்ன சந்தேகம்தான், ஆனால் இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸ். மகளுக்கு எட்டு வயது. வகுப்பில் கூடப் படிக்கும் பத்துப் பேரின் குடும்பப் பெயரை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் அதன் பொருளையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்மித் கொல்லர், பேக்கர் ரொட்டி சுடுபவர், டெய்லர் தையல்காரர், குக் சமையல்காரர் என்று மளமளவென்று நிரப்பிவிட்டாள். அப்புறம் வாக்கர் வந்தது. ‘நடப்பவர்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா, மத்ததெல்லாம் வேலை. நடக்கிறது ஒரு வேலையா?”

என்னிடம் பதில் இல்லை. தபால் கொண்டுபோனவராக இருக்கலாம் என்று சமாளித்துவைத்தேன். அவள் நம்பவில்லை, பென்சிலால் லேசாகத்தான் எழுதியிருக்கிறாள். திங்கட்கிழமை தாளைக் கொடுக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

2. சும்மாவந்தவன்

எங்கள் ஊர்ப் பூங்காவுக்குக் காலை ஐந்தரைக்கு வாருங்கள் அண்ணே. சர்க்கரை நோய் வந்த பிறகு ஊரே வாக்கர்தான்.

சரி, கிண்டல் போகட்டும். ஜானி வாக்கர் பாட்டிலில் உயரத் தொப்பியும் கைத்தடியுமாக ஒருத்தர் விறுவிறுவென்று நடந்துபோகிறாரே, அதைவிடச் சாட்சி வேண்டுமா?

3. கருவேலம்

நடப்பவர்தான், ஆனால் சும்மா நடப்பவர் இல்லை. இங்கிலாந்தில் ராஜாவுக்குச் சொந்தமான வேட்டைக்காடுகள் நிறைய இருந்தன. அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு காவலர் சுற்றிவருவார். அவரைத்தான் வாக்கர் என்றார்கள். எங்கோ படித்தது.

4. அகராதிப்பூச்சி

மூவரும் மன்னிக்க வேண்டும், தபால்காரரும் இல்லை, பூங்காக்காரரும் இல்லை, வனக்காவலரும் இல்லை. வாக்கர் என்பவர் கம்பளித் துணியை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறவர்.

பழைய ஆங்கிலத்தில் ‘வெயல்கன்’ என்று ஒரு வினைச்சொல். உருட்டு, புரட்டு என்று பொருள். கடல் அலை புரள்வதற்கும் அதையே சொன்னார்கள். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு உருட்டிப் புரட்டிக் கசக்குகிறவர் ‘வெயல்கெரெ’. அதுதான் தேய்ந்து வாக்கர் ஆனது. 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் இன்னாருக்குப் பின்னால் ‘லெ வாக்கர்’ என்று எழுதியிருக்கும். அந்த ‘லெ’ பிரெஞ்சு. அன்றைய எழுத்தர்கள் தொழிலைக் குறிக்கும்போது போடுவது.

வேடிக்கை என்னவென்றால், இன்றைய ஆங்கிலத்தில் ‘வாக்’ என்றால் நடப்பது என்கிறோமே, அதுவும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். உருளுதல், புரளுதல் என்றிருந்த பொருள் அங்குமிங்கும் அலைதல் என்று இளகி, கடைசியில் காலால் நடத்தல் என்று நின்றுவிட்டது. ஆக, மொழி நகர்ந்துவிட்டது, குடும்பப் பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. பாப்பா கேட்ட கேள்வி சரியான கேள்வி. நடப்பது தொழில் இல்லை, புரட்டுவது தொழில்.

கருவேலம் சொன்ன வனக்காவலர் கதையைப் பழைய பெயர் நூல்கள் சிலவற்றில் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது உண்மையானால் பெரிய வேட்டைக்காடுகள் இருந்த இடங்களைச் சுற்றித்தான் வாக்கர்கள் குவிந்திருக்க வேண்டும். இருப்பதோ யார்க்‌ஷர், லங்காஷர், மிட்லண்ட்ஸ், ஸ்காட்லாந்து. எல்லாம் கம்பளித் தறி ஓடிய பூமி.

ஒரு சின்ன விதிவிலக்கு. நியூகாசில் நகரில் வாக்கர் என்றே ஒரு பகுதி உண்டு. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதில் அந்த வழியாகப் போகிறது. மதில் ஓரத்துச் சதுப்பு நிலம் என்பது அந்த ஊர்ப் பெயரின் பொருள். அங்கிருந்து போய் ஊர்ப் பெயரையே சுமந்த குடும்பங்கள் சில இருக்கலாம். மிகப் பெரும்பாலான வாக்கர்கள் துணிக்காரர்கள்தான்.

5. சும்மாவந்தவன்

துணியை நெய்த பிறகு எதற்கு மிதிக்க வேண்டும்? நெசவாளி மேல் என்ன கோபம்?

6. கொடுமுடிக்காரி

இதற்கு நான் பதில் சொல்கிறேன். இருபது வருடமாகத் துணிப் பதனிடும் ஆலையில் வேலை. எங்களுடையது பருத்தி, ஆனால் படித்தபோது கம்பளியும் படித்தேன்.

பருத்தி நூலைப் பெரிதாக்கிப் பார்த்தால் முறுக்கின நாடா மாதிரி இருக்கும், மேற்பரப்பு வழுவழு. ஆட்டு மயிர் அப்படி இல்லை. மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு மாதிரிக் காரம், அப்புறம் அழுத்தம், மூன்றும் சேர்ந்தால் செதிலோடு செதில் கொக்கி போட்டுக்கொள்ளும். ஒரு தடவை கொக்கி போட்டால் பிரியாது. இழை இழையாகத் தெரிந்த துணி, சல்லடைக் கண் மூடி, ஒரே தகடாகிவிடும். காற்று புகாது, மழை சட்டென்று இறங்காது. வடக்கே குளிருக்கும் தூறலுக்கும் அந்தத் துணிதான் வேண்டும். தறியிலிருந்து அப்படியே எடுத்தால் கொசுவலை மாதிரி லொடலொடவென்று இருக்கும், போதாததற்கு ஆட்டுக் கொழுப்பும் நூற்கும்போது தடவிய எண்ணெயும் பிசுக்காக ஒட்டியிருக்கும்.

அதனால் இரண்டு வேலை: பிசுக்கை எடுப்பது, துணியைச் சுருக்கிக் கெட்டியாக்குவது. இரண்டும் ஒரே தொட்டியில் நடக்கும். சுருக்கம் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை, நல்ல அகலத் துணி மூன்றில் ஒரு பங்கு அகலத்தை இழந்துவிடும். அதைக் கணக்குப் பண்ணித்தான் தறியையே அவ்வளவு அகலமாகப் போடுவார்கள்.

பருத்தியை நாள் முழுக்க மிதித்தாலும் இது நடக்காது. அதனால்தான் நம் ஊரில் இப்படி ஒரு தொழிலே இல்லை.

பிசுக்கு எடுக்க அவர்கள் பயன்படுத்தியது என்ன தெரியுமா? ஒன்று, பழசாகிப்போன சிறுநீர். நாள்பட வைத்தால் அதில் அம்மோனியா ஊறும், கொழுப்பைக் கரைக்கும். வீடு வீடாகப் பானையில் சேர்த்து வாங்குவார்கள். இன்னொன்று ஒருவகைக் களிமண், எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஃபுல்லர்ஸ் எர்த்’. உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. முல்தானி மட்டி.

7. கருவேலம்

வனக்காவலரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முல்தானி மட்டியா! என் மனைவி முகத்தில் பூசுகிற பாக்கெட்டை இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அப்படியானால் ஃபுல்லர் என்றும் குடும்பப் பெயர் இருக்கிறதே, அவர் யார்?

8. அகராதிப்பூச்சி

அதே ஆள்தான்! இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

வாக்கர், ஃபுல்லர், டக்கர். மூன்றும் ஒரே தொழில். ஊர்தான் வேறு.

ஃபுல்லர் லத்தீன் வழி வந்த சொல். ரோமானியர்கள் இந்தத் தொழிலாளியை ‘ஃபுல்லோ’ என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்த பிறகு அவர்களுடைய சொல்லும் சேர்ந்து உரம் போட்டது. ஐரோப்பாவைப் பார்த்தபடி இருக்கும் தென்கிழக்கில், சசெக்ஸ், கென்ட், சஃபோக் பக்கம் இந்தப் பெயர் அடர்த்தி. வடக்கிலும் மிட்லண்ட்ஸிலும் வாக்கர். தென்மேற்கு மூலையில், டெவன், சாமர்செட், கார்ன்வால் பக்கம், டக்கர். இந்த டக்கர் ‘டூக்கியன்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. வதைத்தல், படாதபாடு படுத்துதல் என்று பொருள். துணியைப் படுத்திய பாட்டைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். சட்டையை ‘டக் இன்’ பண்ணு என்கிறோமே, அந்த ‘டக்’ இதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

1881 மக்கள் கணக்கெடுப்பை வைத்துக் குடும்பப் பெயர் வரைபடங்கள் போட்டிருக்கிறார்கள். இந்த மூன்று பெயர்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று நிரப்பும். பெயர்கள் பரம்பரைப் பெயராக உறைந்தது ஏறத்தாழ 1200க்கும் 1400க்கும் நடுவில். அன்றைக்கு எந்த ஊரில் எந்த வட்டாரச் சொல் புழங்கியதோ அது அப்படியே உறைந்துவிட்டது. ஐந்நூறு வருடம் கழித்து, ரயிலெல்லாம் வந்த பிறகும், பேச்சு வழக்கின் எல்லைக்கோடு ஆட்களின் பெயரில் தெரிகிறது. நம் ஊரில் ஆட்டுரல், குடைக்கல், ஆட்டுக்கல் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறதல்லவா? அந்தந்த ஊர்க்காரர் அதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயர்களிலும் இது உண்டு. வடக்கே ‘வாக் மில்’ என்ற பெயரில் இடங்கள் இருக்கும். கார்ன்வாலில் ‘டக்கிங்மில்’ என்றே ஓர் ஊர். வேல்ஸ் மொழியில் இந்த ஆலைக்கு ‘பான்டி’ என்று பெயர், டோனிபான்டி ஊரின் கடைசியில் இருப்பது அதுதான்.

9. சும்மாவந்தவன்

சிறுநீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. பரம ஏழையை ஆங்கிலத்தில் ஒரு கொச்சைச் சொல்லால் சொல்வார்களே, சிறுநீரை விற்றுப் பிழைத்த குடும்பங்களிலிருந்துதான் அது வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. விற்பதற்குப் பானைகூட இல்லாதவன் அதைவிட ஏழையாம். இப்போதுதான் புரிகிறது!

10. அகராதிப்பூச்சி

அந்தச் செய்தி எனக்கும் வந்தது, மூன்று குழுவில். சிறுநீர் சேகரித்தது உண்மை. சொல்லுக்குச் சொன்ன காரணம் பொய். அந்தக் கொச்சைச் சொல் 20ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. துணி மிதித்த காலத்தில் அப்படி யாரும் சொன்னதற்குத் தடயம் இல்லை.

சிறுநீரும் காசும் சேர்ந்த கதை வேண்டுமென்றால் ரோமுக்குப் போங்கள். கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன் பொதுக் கழிப்பிடச் சிறுநீருக்கு வரி போட்டான். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது ஒரு நாணயத்தை எடுத்து அவன் மூக்கருகில் நீட்டி, நாறுகிறதா என்று கேட்டானாம். அந்தச் சிறுநீரை வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் நம் ஃபுல்லோக்கள். பாம்பேய் நகரை எரிமலைச் சாம்பலிலிருந்து தோண்டியபோது அவர்களுடைய பட்டறைகளும் தொட்டிகளும் அப்படியே கிடைத்தன. தொட்டிக்குள் நின்று மிதிக்கும் ஆட்களின் சுவரோவியமும் இருக்கிறது.

11. பனிக்குல்லா

தாமதமாக வந்துவிட்டேன். நான் இருப்பது ஹாலிஃபாக்ஸ் பக்கம், மேற்கு யார்க்‌ஷர். இங்கே எங்கு திரும்பினாலும் வாக்கர்தான்.

முதலில் ஒரு வாக்குமூலம். 2011இல் இங்கே வந்த முதல் குளிர்காலம். ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த நல்ல கம்பளி ஸ்வெட்டர். ஒரு மாதம் போட்டபின் துவைக்க வேண்டுமே என்று, ஜீன்ஸ், துண்டு எல்லாவற்றோடும் சேர்த்து மெஷினில் போட்டு 60 டிகிரியில் ஓடவிட்டேன். வெளியே எடுத்தபோது ஐந்து வயதுக் குழந்தைக்குச் சரியாக இருக்கும். கை இரண்டும் பலகை மாதிரி விறைத்து நின்றன. பின்னல் கண்ணே தெரியவில்லை. அறையில் கூட இருந்த நண்பர் அதைத் தட்டிப் பார்த்து, “இதை வெட்டி டீ டம்ளருக்கு அடியில் வைக்கலாம்” என்றார். கொடுமுடிக்காரி அக்கா எழுதியதைப் படித்த பிறகுதான் தெரிகிறது, அன்று நானும் ஒரு வாக்கர் வேலைதான் பார்த்திருக்கிறேன். வெந்நீர், சோப்புக் காரம், மெஷின் அடித்த அடி. எல்லாம் பொருந்துகிறது.

இங்கிருந்து மேற்கே லங்காஷருக்குள் போனால் ஹெல்ம்ஷோர் என்று ஓர் ஊர். 1789இல் கட்டிய துணி மிதிக்கும் ஆலையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மிதிக்கும் ஆலை என்கிறேனே தவிர, அங்கே காலே கிடையாது. தண்ணீர்ச் சக்கரம் சுற்றும், அதோடு இணைந்த உருளையின் பற்கள் பெரிய மரச் சுத்தியல்களைத் தூக்கித் தூக்கி விடும், சுத்தியல் தொட்டிக்குள் கிடக்கும் துணி மேல் விழும். சுத்தியல் என்றால் தச்சர் சுத்தியல் இல்லை, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற தடிமனில் மரக்கட்டை, அடிப்பக்கம் படிக்கட்டு மாதிரி செதுக்கியிருக்கும். தொட்டியின் முதுகு வளைவாக இருப்பதால் ஒவ்வொரு அடிக்கும் துணி தானாகவே கொஞ்சம் புரண்டுகொள்ளும். அகராதிப்பூச்சி சொன்ன உருட்டிப் புரட்டுதல் என்றால் என்ன என்று அந்தத் தொட்டியைப் பார்த்தால் விளங்கிவிடும்.

மிதித்த பிறகு துணியை வெளியே மைதானத்தில் மரச்சட்டங்களில் இழுத்து மாட்டிக் காயவைப்பார்கள். சுருங்கிய துணி கோணாமல் காய வேண்டும். அந்தச் சட்டத்துக்கு ‘டென்டர்’, அதன் கொக்கிகள் ‘டென்டர்ஹுக்ஸ்’. இருப்புக்கொள்ளாமல் தவிப்பதை ஆங்கிலத்தில் அந்தக் கொக்கியில் மாட்டியதாகச் சொல்வது இங்கிருந்து வந்ததுதான்.

ராத்திரி முழுக்க வெட்டவெளியில் காயும் துணி, திருடனுக்குக் கொண்டாட்டம். அதனால் ஹாலிஃபாக்ஸில் ஒரு பயங்கரச் சட்டம் இருந்தது. பதின்மூன்றரைப் பென்னி மதிப்புக்குத் திருடினால் போதும், தலை போய்விடும். மரச்சட்டத்தில் கோடரியைக் கயிற்றில் தூக்கி விழவிடும் கருவி, பிரான்ஸின் கில்லட்டினுக்குப் பாட்டன். கடைசியாக விழுந்தது 1650இல். அதன் மாதிரியை இப்போதும் ஒரு தெருவில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறோம்.

12. கருவேலம்

ஆலையில் காலே இல்லை என்கிறீர்கள். ஆனால் பெயர் ‘வாக் மில்’. அப்போது ‘காலால் நடந்து நடந்து மிதித்ததால் வாக்கர்’ என்று பல இணையப் பக்கங்களில் போட்டிருப்பது?

13. அகராதிப்பூச்சி

கெட்டிக்காரர். அந்த விளக்கம் பாதிதான் சரி. அதை உடைப்பதற்கு நீங்கள் சொன்ன ஆலையே போதும்.

தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடும் இந்த ஆலைகள் இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. 1185இல் டெம்ப்ளர் வீரத் துறவிகள் தங்கள் சொத்துக்களைக் கணக்கெடுத்தபோது யார்க்‌ஷரில் நியூசம் என்ற இடத்தில் ஓர் ஆலையைக் குறித்திருக்கிறார்கள். அதாவது குடும்பப் பெயர்கள் உறைவதற்கு முன்பே சுத்தியல் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியைக் கையால் பலகையில் அடித்துக்கொண்டே பாடும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. அதற்கும் ஆங்கிலத்தில் ‘வாக்கிங்’ என்றுதான் பெயர், எழுத்துக்கூட்டில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். ஜெர்மன் மொழியிலும் ‘வால்கர்’ இதே தொழில்தான், அவர்களுக்கு அந்தச் சொல்லில் நடக்கிற பொருளே கிடையாது.

கையால் செய்தாலும், சுத்தியலால் செய்தாலும், காலால் செய்தாலும் அதே சொல். ஆக, சொல் குறிப்பது காலை அல்ல, துணி படும் பாட்டை. காலால் மிதித்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் பெயருக்குக் காரணம் அதுவல்ல.

14. ஒற்றைப்பனை

இழை முழுவதும் படித்தேன், மகிழ்ச்சி. ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன், பாளையங்கோட்டை.

நம் மொழியிலும் இதற்கு ஓர் இணை உண்டு. ‘துவை’ என்ற சொல்லுக்கு அடித்தல், இடித்தல் என்றுதான் அடிப்படைப் பொருள். கல்லில் அடித்ததால் துணி துவைத்தல், அம்மியில் வைத்து நசுக்கியதால் துவையல். மெஷினில் துணி போடும் பிள்ளைகள் இன்றும் ‘துவைக்கிறேன்’ என்கிறார்கள். அடி போய்விட்டது, சொல் இருக்கிறது.

இன்னொன்று. கிறிஸ்தவ நண்பர்கள் மாற்கு சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மலைமேல் இயேசுவின் உடை பூமியில் எந்த வண்ணானும் வெளுக்க முடியாத வெண்மையானது என்று நம் தமிழ் வேதாகமத்தில் வரும். 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் நிற்பவர் ‘ஃபுல்லர்’. அதற்கும் முன்னால், 14ஆம் நூற்றாண்டில் விக்ளிஃபின் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பின் முதல் வடிவத்தில் ‘ஃபுல்லர், அல்லது வாக்கர்’ என்று இரண்டையும் போட்டிருக்கிறார்கள். வடக்கே படிப்பவனுக்கும் தெற்கே படிப்பவனுக்கும் புரிய வேண்டுமே! ஏசாயாவில் அந்தத் தொழிலாளியின் நிலம் தமிழில் ‘வண்ணார் துறை’ ஆகிறது. கம்பளி மிதிப்பவர் நம் ஊரில் இல்லாததால், துணியையும் நீரையும் வெண்மையையும் அறிந்த வண்ணாரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கச்சிதமான தேர்வு என்பேன்.

கொஞ்சம் வேறு பக்கமும் யோசிக்கிறேன். அங்கே ஒருவர் துணி மிதிப்பவர் என்ற பெயரைச் சுமந்துகொண்டே அமெரிக்க ஜனாதிபதி ஆகிறார். ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் அந்த ‘டபிள்யூ’ வாக்கர்தானே, பாட்டி வழிக் குடும்பப் பெயர். யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை, ஏனென்றால் பெயரின் பொருளே மறந்துவிட்டது. இங்கே வண்ணார் என்று பெயருக்குப் பின்னால் போட்டால் என்ன நடக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். நாம் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு இனிஷியலோடு நிறுத்திக்கொண்டதில் ஒரு நல்லது இருக்கிறது.

15. சும்மாவந்தவன்

சார், என் ஜானி வாக்கர் கேள்வியை எல்லாரும் சாமர்த்தியமாகத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

16. அகராதிப்பூச்சி

தாண்டவில்லை, தனியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

ஜான் வாக்கர் என்பவர் 1820இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் ஊரில் மளிகைக் கடை திறந்தார். கில்மார்னாக் கம்பளிக் குல்லாய்க்குப் பேர்போன ஊர், அங்கே வாக்கர் இருந்தால் ஆச்சரியம் இல்லை. தொப்பி போட்டு நடக்கிற மனிதர் வந்தது 1908இல், டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தது. ஜான் வாக்கர் செத்து ஐம்பது வருடம் கழித்து! பெயரை வைத்து விளம்பரத்துக்காகச் செய்த சிலேடை அது. பாட்டிலை வைத்துப் பெயருக்குப் பொருள் சொன்னால், பிள்ளையைப் பார்த்துத் தாத்தாவுக்கு ஜாதகம் எழுதுகிற கதைதான்.

அந்தப் பாட்டில் பம்பாய்க்கும் வந்தது. பத்ருதீன் காஜி என்ற பஸ் கண்டக்டர் குடிகாரனாக அமர்க்களமாக நடிப்பதைப் பார்த்து, இயக்குநர் குரு தத் அவருக்கு ஜானி வாக்கர் என்று பெயர் வைத்தார். இந்தி சினிமாவின் பெரிய நகைச்சுவை நடிகர். யார்க்‌ஷர்க்காரனும் அல்ல, துணியும் மிதிக்கவில்லை, நிஜத்தில் குடிப்பவரும் அல்ல என்பார்கள்.

அமெரிக்காவில் அந்தப் பெயர் வேறு வழியில் போனது. கறுப்பினக் குடும்பங்கள் நிறையப் பேருக்கு வாக்கர் உண்டு. 1867இல் பிறந்து, கூந்தல் தைலம் விற்றுப் பெரும் பணக்காரியான மேடம் சி. ஜே. வாக்கர் பிறப்பால் சாரா பிரீட்லவ். வாக்கர் அவர் கணவர் சார்லஸ் ஜோசப்பின் பெயர்.

17. பனிக்குல்லா

துணி வேலை மொத்தமும் இங்கே ஆட்களின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் அலுவலகத்தில் ஒரு வெப்ஸ்டர் இருக்கிறார், நெசவாளி. ஒரு லிஸ்டர், சாயம் போடுபவர். ஷெர்மன் என்பவர் மிதித்துக் காய்ந்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைப் பெரிய கத்தரியால் வெட்டிச் சமன் செய்கிறவர். அப்புறம்தான் துணி டெய்லரிடம் போகும். வாக்கர் அந்த வரிசையில் நடுவில் நிற்கிறார்.

18. கொடுமுடிக்காரி

ஷெர்மன்களும் ஃபுல்லர்களும் லண்டனில் தனித்தனிச் சங்கம் வைத்திருந்து, 1528இல் ஒன்றாகச் சேர்ந்து துணிப் பதனிடுவோர் சங்கமானார்கள். எக்ஸிடரில் 1471இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றைக்கும் நிற்கிறது. பதனிடுகிறவர்களுக்கு ஐந்நூறு வருடத்துக்கு முன்பே கட்டடம்! எங்கள் ஆலையில் ஓய்வறைக்கு மின்விசிறி கேட்டு ஆறு மாதமாகிறது.

19. மேலவாசல்

எல்லாருக்கும் நன்றி. ஒரு சின்ன சந்தேகம் கேட்டால் இவ்வளவு கொட்டுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மகளிடம் விளக்கினேன். சிறுநீர்ப் பகுதியை மட்டும் மூன்று தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம் “செஞ்சு பாக்கலாமா?” என்றாள். சிறுநீர் இல்லாமல் என்று ஒப்பந்தம்.

சனிக்கிழமை பழைய பொருள் கடையில் தளர்வாகப் பின்னிய தூய கம்பளி மப்ளர் ஒன்று மூன்று பவுண்டுக்குக் கிடைத்தது. ஸ்கேல் வைத்து அளந்தோம், அகலம் 30 செ.மீ. குளியல் தொட்டியில் கணுக்கால் அளவு வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பைச் சீவிப் போட்டுக் கலக்கினேன். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தாள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர்தான் பழுப்பாகியது. சும்மா ஏறி நின்று நடந்தால் மப்ளர் காலுக்கடியில் அப்படியே கிடக்கிறது. குதிகாலால் மடித்துப் புரட்டிப் புரட்டி மிதித்தபோதுதான் பின்னல் கண் மூட ஆரம்பித்தது. அகராதிப்பூச்சி சொன்னதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். நாற்பது நிமிடம் கழித்துப் பிழிந்து, துண்டில் விரித்து அளந்தால் 26 செ.மீ. பின்னலுக்கு நடுவே விரல் நுழைந்தது, இப்போது நுழையவில்லை.

தாளில் ‘நடப்பவர்’ என்பதை அழித்துவிட்டு ‘கம்பளித் துணியைக் கெட்டியாக்குபவர்’ என்று பேனாவால் எழுதிவிட்டாள். மப்ளரை வகுப்பிலிருக்கும் அந்த வாக்கர் பையனுக்குக் கொடுக்கப் போகிறாளாம். தொட்டியிலிருந்து தூக்கிவிட்டபோது மப்ளரைப் போலவே அவள் கால்விரல் பத்தும் சுருங்கிப்போயிருந்தன. “அப்பா, என்னையும் அளந்து பாரு” என்றாள்.

20. சும்மாவந்தவன்

பாப்பாவுக்கு ஒரு சலாம். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் எவனாவது கதைவிட்டால் “வாக்கர்!” என்று கத்துவார்களாம், ‘போய்யா, நம்பமாட்டேன்’ என்று அர்த்தம். மேலே தபால்காரர் என்றவருக்கும், பாட்டிலைச் சாட்சி சொன்ன எனக்கும், வாபஸ் வாங்கினாலும் வனக்காவலர் என்ற கருவேலத்துக்கும் அதைச் சமர்ப்பிக்கிறேன்.

21. கருவேலம்

ஏற்றுக்கொண்டேன். பாக்கெட்டைப் படித்துக் கண்டுபிடித்ததற்காக எனக்கு அரை மதிப்பெண்ணாவது கொடுங்கள்.